ஆய்வுக் கட்டுரையின் அமைப்பு: பாயிரம் முதல் பன்னாட்டு இதழ் வரை

முன்னுரை

பகாங் மாநிலத்தின் வடமேற்கில், கடல்மட்டத்திற்கு மேல் 1500 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், பிரிஞ்சாங் நகரை அடுத்து அமைந்துள்ளது கியா பார்ம். காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற இவ்வூரின் அருகே பிரியும் மலைப்பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு இட்டுச் செல்கிறது. இம்மலைப் பகுதி முழுமைக்கும் கேமரன் மலை என்னும் பெயர் வழங்குவதற்குக் காரணமானவர் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர். 1885ஆம் ஆண்டில் இப்பகுதியில் பயணம் செய்த அவர், மலைகளுக்கு நடுவே மென்சரிவுகளும் மேட்டுநிலமும் இருக்கக் கண்டதாக எழுதினார். எனினும், அவ்விடத்தைப் பின்வருவோர் ஐயமின்றிக் கண்டறிவதற்கு உதவும் தெளிவான நிலப்படக் குறிப்பு அவரிடமிருந்து கிடைக்கவில்லை. அவர் கண்டது வடக்கே புளூ வேலியைச் சார்ந்த பகுதியாக இருக்கலாம் என்று கருதுவோர் உளர். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் இடத்தை அவர் உண்மையில் கண்டாரா என்பதே இன்றுவரை விவாதத்திற்குரியதாக உள்ளது.

ஓர் அறிஞர் அரியதொன்றைக் கண்டார். கண்டதை எழுதவும் செய்தார். ஆயினும், சென்று சரிபார்க்கும் வழியைப் பிறருக்கு விட்டுச் செல்லாமையால் அக்கண்டுபிடிப்பு ஐயத்திற்கு உள்ளாயிற்று. ஆய்வுக் கட்டுரையின் அமைப்பைப் பற்றிப் பேசப் புகும் நாம் இச்செய்தியை முதலில் நினைவிற் கொள்வது நன்று.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் மாணவர் பலர் அமைப்பு விதிகளை ஒரு தொல்லையாகவே கருதுகின்றனர். எழுத்தின் அளவு, வரி இடைவெளி, மேற்கோளின் இடம், துணைநூற்பட்டியலில் நிறுத்தக்குறி ஆகியவை அறிவுக்குத் தொடர்பில்லாத சடங்குகள் என்று அவர்களுக்குத் தோன்றுகின்றன. அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் இவ்விதிகள் தோன்றிய வரலாற்றை நோக்கினால், அவற்றின் அடியில் ஒரே நோக்கம் இருப்பதைக் காண்கிறோம். எழுதியவரை ஒருபோதும் சந்திக்காத வாசகர் ஒருவர், எழுதப்பட்டதைத் தாமே சென்று சோதிக்கும் வாய்ப்பைப் பெறவேண்டும் என்பதே அந்நோக்கம். அது தமிழ் மரபுக்குப் புதியதும் அன்று.

பாயிரம் கேட்ட வினாக்கள்

நூலுக்கு முன் பாயிரம் அமைதல் வேண்டும் என்பது தமிழிலக்கண நூலாரின் துணிபு. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப்பாயிரத்திற்கு உரியனவாக எட்டுச் செய்திகளைக் கூறுகிறார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், அரங்கேறிய களம், இயற்றிய காரணம் ஆகிய மூன்றையும் இவற்றோடு சேர்த்து உரைப்பாரும் உண்டு என்று அவரே குறிப்பிடுகிறார்.

இப்பதினொன்றையும் இன்றைய ஆய்விதழின் முதற்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் கட்டுரையாசிரியர் பெயராகவும் தலைப்பாகவும் நிற்கின்றன. நுதலிய பொருளும் பயனும் ஆய்வுச் சுருக்கத்தில் இடம்பெறுகின்றன. வழி என்பது முன்னாய்வுகளோடு கட்டுரைக்குள்ள உறவைக் காட்டும் பகுதியை ஒத்தது. எல்லை என்பதை ஆய்வெல்லை எனக் கொள்ளலாம். காலம் என்பது கட்டுரை பெறப்பட்ட நாளாகவும் ஏற்கப்பட்ட நாளாகவும் அச்சிடப்படுகிறது. களம் என்பது இதழின் பெயர். காரணம் என்பது இந்நாளில் நிதியுதவிக் குறிப்பாகவும் வெளிப்படுவதுண்டு. இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. எனினும் ஒரு நூலைக் கையில் எடுப்பவன் முதலில் எவற்றை அறிய உரிமையுடையவன் என்னும் வினாவிற்குத் தமிழ் மரபு தெளிவான விடை கண்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

நூலாசிரியன் பிறர் கருத்தை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதையும் நன்னூல் எழுவகை மதமாக வகுத்துரைக்கிறது. உடன்படுதல், மறுத்தல், ஏற்பது போல் கொண்டு பின் களைதல், இருவர் மாறுபட்ட இடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். முன்னாய்வு மீள்பார்வை என்னும் பகுதியை எழுதும் மாணவர், முன்னோர் நூல்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி அமைவது பெரும்பாலும் காணப்படும் குறை. ஒவ்வொரு நூலோடும் தம் கட்டுரை உடன்படுகிறதா, மாறுபடுகிறதா என்று சொல்லும்போதே அப்பகுதி பொருளுடையதாகும். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய நான்கை மட்டும் நீக்கினாலே இதழாசிரியரின் பணி பாதியாகக் குறையும்.

மதிப்பீட்டு முறையும் நம் மரபில் உண்டு. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் ஆராயப்பட்டதாகக் கூறுகிறது. துறைவல்லார் ஒருவர் கேட்டுக் குற்றம் ஆராய்ந்த பின்னரே நூல் உலகிற்குச் செல்லவேண்டும் என்னும் எண்ணம் அதில் பொதிந்துள்ளது.

இம்மரபில் ஒரு குறையும் இருந்தது. உரையாசிரியர்கள் மேற்கோள்களைக் காட்டினர். ஆயின் அவை எந்நூலின்கண் உள்ளன என்பதைப் பல இடங்களில் கூறவில்லை. கேட்போர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்த காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. அக்கல்வி மரபு தளர்ந்த பின்னர் அதன் விளைவு புலப்பட்டது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூல்களைச் சார்ந்தவை என்று அறியப் பெரிதும் இடர்ப்பட்டார். அத்தேடலே அவரைச் சங்க நூல்களை நோக்கிச் செலுத்திற்று. தாம் பட்ட இடரைப் பிறர் படாவண்ணம் தம் பதிப்புகளில் முகவுரை, பாடவேறுபாடு, அரும்பத முதலியவற்றின் அகராதி, மேற்கோள் விளக்கம் ஆகியவற்றை அவர் அமைத்தார். தமிழில் நவீன ஆய்வமைப்பு வேரூன்றிய இடங்களுள் அப்பதிப்புகள் தலையாயவை.

இதழ்க் கட்டுரை உருப்பெற்ற வகை

ஐரோப்பாவில் ஆய்விதழ் என்னும் வடிவம் 1665ஆம் ஆண்டில் தோன்றிற்று. அவ்வாண்டு சனவரியில் பாரிசிலும், மார்ச்சில் இலண்டனிலும் முதல் இதழ்கள் வெளிவந்தன. இலண்டன் இதழைத் தொடங்கிய என்றி ஓல்டன்பர்க், அரச கழகத்தின் செயலாளர். தொடக்கக் காலக் கட்டுரைகள் பெரும்பாலும் கடித வடிவின. அறிஞர் ஒருவர் தாம் கண்டதை நண்பருக்கு எழுதுவது போலவே அவை அமைந்தன. அறிமுகமானவர்களுக்கிடையே அது போதுமானதாக இருந்தது. வாசகர் வட்டம் விரிய விரிய, சான்றைச் சுட்டும் முறைக்குப் பொதுவான ஒழுங்கு தேவைப்பட்டது.

இன்று பெரிதும் வழங்கும் ஆசிரியர்-ஆண்டு முறையின் தொடக்கம், 1881இல் ஆர்வர்டு பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வர்ட் மார்க் எழுதிய கட்டுரை எனக் கருதப்படுகிறது. அதன் பொருள் ஓடில்லா நத்தையின் கருவளர்ச்சி. நூலின் முழுப்பெயரை ஒவ்வோர் இடத்திலும் எழுதாமல், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறை அடைப்புக்குள் தந்து, முழு விவரத்தை இறுதியில் தொகுத்தார் அவர். 1906இல் சிகாகோ நடைக் கையேடும், 1929இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் நெறிமுறையும், 1951இல் நவீன மொழிக் கழகத்தின் நடைத்தாளும் வெளிவந்தன. உளவியல் கழகத்தின் முதல் நெறிமுறை ஏழு பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையாக இருந்தது. அறிமுகம், முறை, முடிவுகள், கலந்துரையாடல் என்னும் நாற்பகுப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அறிவியல் இதழ்களில் நிலைபெற்றது.

ஆசியாவிலோ சிக்கல் வேறோர் இடத்தில் தொடங்கிற்று. 1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் சோன்சு, 1788இல் வெளிவந்த அதன் முதல் ஆய்வுத் தொகுதியில், ஆசிய மொழிச் சொற்களை உரோமன் எழுத்தில் எவ்வாறு எழுதுவது என்பதைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். சொல்லை ஒரே வகையாக எழுதாவிடின் அச்சொல்லைத் தேடுதல் இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். தமிழைப் பொறுத்தவரை, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் கையாண்ட எழுத்துப்பெயர்ப்பு முறையே பன்னாட்டு ஆய்வுலகில் பெரிதும் நிலைபெற்றுள்ளது. ழகரத்திற்கும் ளகரத்திற்கும், றகரத்திற்கும் ரகரத்திற்கும், னகரத்திற்கும் நகரத்திற்கும் வெவ்வேறு குறிகளை அது தருகிறது. செய்தித்தாள் ஆங்கிலத்தில் இவ்வேறுபாடுகள் பல மறைந்துவிடுகின்றன. ஆய்வுக் கட்டுரையில் அவை மறைதல் கூடாது.

கோலாலம்பூர், 1966

தமிழாய்வு பன்னாட்டு ஆய்வுத்துறையாக ஒருங்கமைந்த வரலாற்றில் மலேசியாவிற்குச் சிறப்பிடம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. 1961 முதல் அத்துறைக்குத் தலைமை ஏற்றவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தைச் சார்ந்த அவர், 1952 முதலே 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தி வந்தார். 1964 சனவரியில் புதுதில்லியில் நடைபெற்ற கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. அதன் முதல் மாநாடு 1966 ஏப்பிரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் கூடிற்று. அங்குப் படிக்கப்பெற்ற கட்டுரைகள் 1968இலும் 1969இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தன.

பேச்சு காற்றோடு போகும், தொகுதியே நிற்கும். மாநாட்டின் சிறப்பை ஊர்வலங்களாலும் பந்தல்களாலும் அளப்பது எளிது. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டக் கூடியதாக எஞ்சியிருப்பது பக்க எண்ணோடு அச்சான கட்டுரையே.

அதே 1966இல் அடிகளார் வெளியிட்ட இரு நூல்கள் நம் பொருளோடு நேரே தொடர்புடையவை. ஒன்று, தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி நூற்பட்டியல். மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை வெளியிட்டது. ஒரு துறை இருக்கிறது என்பதற்குச் சான்று அத்துறையின் நூற்பட்டியலே என்பதை அவர் அறிந்திருந்தார். மற்றொன்று, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் நிழற்படப் பதிப்பு. அகராதிப் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. ஓர் அரிய நூலைக் கண்டேன் என்று மட்டும் கூறி அவர் அமைந்திருக்கலாம். அதைச் செய்யாது, உரோமுக்குச் செல்ல இயலாத ஆய்வாளரும் தம் மேசையில் விரித்துச் சோதிக்கும்படி முழு நூலையும் கோலாலம்பூரிலிருந்து தந்தார். கேமரன் விட்டுச்சென்ற ஐயத்திற்கு நேர்மாறான செயல் இது.

பெயரால் வரும் இடர்

அமைப்பு விதிகள் யாவும் எல்லா மக்களுக்கும் ஒருங்கே பொருந்துவன அல்ல. குடும்பப் பெயர் வழங்கும் நாடுகளில் உருவான மேற்கோள் முறை, ஆசிரியரின் இறுதிப் பெயரையே முதன்மையாகக் கொள்கிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. மலேசியாவில் பதிவாகும் பெயரில் மகன், மகள் என்று பொருள்படும் மலாய்க் குறிக்குப் பின் தந்தை பெயர் வருகிறது. இதழின் படிவம் இறுதிப் பெயரைக் கேட்கும்போது பெண் ஆய்வாளர் ஒருவரின் உழைப்பு முழுவதும் அவருடைய தந்தையின் பெயரில் அட்டவணைப்படுத்தப்படுகிறது. அண்ணனும் தங்கையும் எழுதினால் இருவரும் ஒரே பெயரில் நிற்பர். தனிநாயகம் அடிகளாரின் பெயரே நூலகப் பட்டியல்களில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் பிரிந்து காணப்படுகிறது. ஒன்றைத் தேடுவோர் மற்றொன்றைக் காணாது போக இடமுண்டு.

இதற்குத் தீர்வு எளிது. முதற்கட்டுரை வெளிவரும் முன்பே தம் பெயரின் உரோமன் வடிவத்தை ஆய்வாளர் ஒருமுறை முடிவு செய்து, வாழ்நாள் முழுதும் அதனையே வழங்குதல் வேண்டும். 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் என்னும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணைப் பெற்றுக் கட்டுரைதோறும் குறித்தலும் வேண்டும். தந்தையின் பெயர் குடும்பப் பெயர் அன்று என்பதை இதழாசிரியருக்கு எழுதி, பட்டியலில் தம் பெயர் எவ்வாறு வரவேண்டும் என்று கேட்பதற்கு ஆய்வாளருக்கு உரிமை உண்டு. பல இதழ்கள் அதனை ஏற்கின்றன.

ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். கியா பார்ம் என்று ஒருவரும், கீ பாம் என்று மற்றொருவரும் எழுதலாம். தோட்டங்களுக்கு நிறுவனம் இட்ட பெயர் ஒன்றாகவும், தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயர் வேறாகவும் இருப்பது மலாயாவிலும் இலங்கையிலும் காணப்படும் வழக்கம். கட்டுரையில் முதன்முறை வரும்போது இரு பெயர்களையும் தந்து, பின்னர் ஒன்றையே வழங்குதல் முறை. வழக்குப்பெயரை விட்டுவிட்டால் மக்கள் நினைவு மறையும். பதிவுப்பெயரை விட்டுவிட்டால் ஆவணத்தோடு உள்ள தொடர்பு அறும்.

மலைத்தோட்டம் குறித்த ஒரு கட்டுரை

இதுவரை கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திக் காண்போம். போ தேயிலை நிறுவனத்தை சான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929இல் தொடங்கினார். உதவி பெற்றுத் தொழிலுக்குப் புலம்பெயர்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இடையே இருப்பவை ஒன்பது ஆண்டுகள். அவற்றுள்ளும் தொடக்க ஆண்டுகள் உலகப் பொருளாதார மந்தத்தில் கழிந்தன. அப்போது மலாயாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராய்த் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாறாயின் இம்மலையில் முதலில் கொழுந்து பறித்தவர்கள் நேரே தமிழகத்திலிருந்து வந்தவர்களா, சமவெளி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மேலேறியவர்களா? ஒரு கட்டுரைக்கு ஏற்ற வினா இது. குறுகியது, விடை காணத்தக்கது, விடை எதுவாயினும் பயன் தருவது.

தலைப்பு இடத்தையும் காலத்தையும் பொருளையும் சுட்டவேண்டும். 'மலைநாட்டுத் தமிழர் வாழ்வு' என்பது தலைப்பாகாது. ஆய்வுச் சுருக்கம் வினா, சான்று, முறை, முடிவு ஆகிய நான்கையும் இதழ் வரையறுக்கும் சொல்லளவுக்குள் கூறவேண்டும். முடிவை மறைத்து வாசகரை ஈர்க்க முயலுதல் அதன் இயல்பன்று. திறவுச்சொற்களில் கட்டுரையைத் தேடக்கூடியவர் எண்ணும் சொற்கள் இடம்பெற வேண்டும்.

முன்னாய்வில், கெர்னயில் சிங் சந்து 1969இலும், சின்னப்பா அரசரத்தினம், இரவீந்திர செயின் ஆகியோர் 1970இலும் வெளியிட்ட நூல்களைக் கருதாமல் மலேசிய இந்தியரைப் பற்றி எழுத இயலாது. அவற்றுள் ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்த செயின், அத்தோட்டத்திற்குப் புனைபெயர் இட்டே எழுதினார். வாழும் மனிதரைப் பற்றி எழுதும்போது அவர்தம் நலன் காப்பதும் அமைப்பின் ஒரு பகுதியே என்பதற்கு அது சான்று. 1937இல் வெளிவந்த சீனிவாச சாத்திரியாரின் அறிக்கையும், மலாயாவில் இருந்த இந்திய அரசுப் பேராளரின் ஆண்டறிக்கைகளும் அச்சிட்ட மூலங்களாக உதவும். ஆவணக் காப்பகக் கோப்பாயின் கோப்பு எண்ணையும் தாளின் நாளையும் தருதல் வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடாயின் ஆண்டும் பக்கமும் தருதல் வேண்டும்.

எஞ்சிய சான்று முதியோரின் நினைவு. பெரட்டுக் களம், லயம், ஆயாக் கொட்டகை, செக்ரோல் ஆகியவை பற்றி அவர்கள் கூறும் சொற்களை அவ்வாறே பதிந்து, முதன்முறை வரும் இடத்தில் பொருள் தருதல் நன்று. செந்தமிழாக்கி எழுதினால் சான்று திரியும். நேர்காணல் நடந்த நாள், இடம், கூறியவரின் அகவை, அவருக்கும் செய்திக்கும் உள்ள தொடர்பு, அவர் தந்த ஒப்புதல் ஆகியவை முறைப்பகுதியில் இடம்பெற வேண்டும். தாமே கண்டதைக் கூறுகிறாரா, தாய் சொல்லக் கேட்டதைக் கூறுகிறாரா என்பதும் தெளிவாதல் வேண்டும். கண்டறிந்ததை ஒரு பகுதியிலும், அதற்கு நாம் கொள்ளும் பொருளை மற்றொரு பகுதியிலும் பிரித்து வைப்பதன் பயன் இங்கே விளங்கும். நம் விளக்கத்தை மறுக்கும் வாசகரும் நம் சான்றைப் பயன்கொள்ள அது இடமளிக்கிறது.

இனி அனுப்பும் நிலை. ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சிடுதல் இன்றியமையாதது. பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் வேறு கணினியில் பொருளற்ற குறிகளாக மாறிய துன்பத்தைத் தமிழுலகம் அறியும். இதழ் விரும்பும் மேற்கோள் முறையை அதன் நெறிமுறையிலிருந்தே கொள்ள வேண்டும். இரு முறைகளைக் கலத்தல் ஆகாது. உரையில் சுட்டிய ஒவ்வொரு நூலும் இறுதிப் பட்டியலில் உண்டா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரையில் சுட்டப்பட்டதா என்று இருவழியும் ஒத்துப்பார்த்தல் வேண்டும். பெயர் மறைத்து மதிப்பிடும் இதழாயின் ஆசிரியர் பெயரையும், அவரை அடையாளம் காட்டும் குறிப்புகளையும் தனித்தாளுக்கு மாற்றுதல் வேண்டும். ஆங்கிலச் சுருக்கம் கேட்கப்படின், தமிழ்ச் சுருக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, தமிழறியாத வாசகருக்கென்று எழுதுதல் சிறந்தது.

முடிவுரை

போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் வரலாற்றை நிறுவன ஏடுகளும் சுற்றுலாக் கையேடுகளும் எழுதியுள்ளன. அவற்றில் ஏக்கர் கணக்கு உண்டு. உரிமையாளர் பெயர் உண்டு. கொழுந்து பறித்தவரின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளது. அதனை முழுமையாக அறிந்த தலைமுறை குறைந்து வருகிறது. ஊர்ப்பள்ளியின் ஆசிரியரும் அங்குப் பயின்று மேற்கல்வி சென்ற மாணவருமே அந்நினைவுக்கு மிக அண்மையில் உள்ளவர்கள். அவர்கள் எழுதும் கட்டுரை உணர்ச்சிமிக்க நினைவுக் குறிப்பாக நின்றுவிடின், ஆண்டுமலரில் அச்சாகி மறையும். நாளும் பெயரும் மூலமும் சுட்டி முறைப்படி அமைந்தால், பிறிதொரு நாட்டில் பிறிதொரு காலத்தில் வரும் ஆய்வாளரும் அதனை மேற்கோள் காட்ட இயலும்.

இவ்வாண்டு ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அதில் பெயர் உள்ள முதியோர் ஒருவரையேனும் கண்டு, நாளிட்டு ஒரு நேர்காணலைப் பதிவு செய்யுமாயின், கட்டுரைக்குரிய முதல் மேற்கோள் ஆயத்தமாகிவிடும்.